மூன்றாம் காலத்தில் திக்கிய திரை

“தம்பி, பிள்ளைகள் தாளம் தப்பவில்லை. உன் திரைதான் திக்கியது.”

2022-இல் ஜார்ஜ்டவுனில் ஒரு சலங்கை பூஜை முடிந்து, மேடையோரம் குந்திக் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தபோது நடன டீச்சர் என்னிடம் சொன்னது இது. அவர் திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். மாணவியின் அரைமண்டி தளர்ந்ததைச் சுட்டிக்காட்டுகிற அதே நிதானமான குரலில் சொன்னார். அந்தக் குரலுக்கு மறுமொழி கிடையாது. அடுத்த வகுப்புக்குள் சரிசெய்துகொண்டு வரவேண்டும், அவ்வளவுதான்.

திருமணம், ஆண்டு விருந்து, கோயில் விழா, நடன நிகழ்ச்சி என்று பினாங்குத் தீவிலும் பட்டர்வொர்த் பக்கத்திலும் மேடைத் திரைகளுக்குக் காட்சி அமைப்பது என் பிழைப்பு. முன்பே எடுத்த வீடியோவை ஓடவிடுவது இதில் சுலபமான பாதி. மற்றப் பாதியில், மேடையில் நடப்பதைப் பார்த்து அந்தந்தக் கணத்திலேயே படம் உருவாக வேண்டும். அன்றைக்கு மேடைக்கு முன்னால் இரண்டாம் தலைமுறைக் கினெக்ட் கருவி ஒன்றை வைத்திருந்தேன். ஆடுகிறவரின் உடலில் 25 மூட்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். கை வீசினால் திரையில் மல்லிகை இதழ்கள் தெறிக்கும். வேகமாக வீசினால் அதிகமாகத் தெறிக்கும். இந்தக் கடைசி விதியை எழுதியபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. காலை வாரியதும் அதுதான்.

பரதத்தில் அடவுகளை மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகங்களில் ஆடுவார்கள். முதல் காலத்தில் ஒரு தட்டு விழும் இடத்தில், மூன்றாம் காலத்தில் நான்கு விழும். ஒத்திகைக்கு மூன்று மாணவிகள்தான் வந்திருந்தார்கள். அவர்களும் பாதி மனத்தோடு, பெரும்பாலும் முதல் இரண்டு காலத்தில் ஆடினார்கள். திரை வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு ஓடியது. நிகழ்ச்சியன்று எட்டுப் பேர், முழு ஒப்பனை, மூன்றாம் காலம். கைகள் வேகமெடுத்தன, இதழ்கள் பல மடங்காயின, கணினி மூச்சு வாங்கியது. எங்கே திரை மிக நன்றாக இருக்கவேண்டுமோ சரியாக அங்கேதான் அது மிக மோசமாக இருந்தது.

விநாடிக்கு 60 படங்கள் என்றால், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. அதற்குள் கருவி சொல்வதைக் கேட்டு, இதழ்களை நகர்த்தி, வண்ணம் பூசி, திரைக்கு அனுப்பி முடித்தாக வேண்டும். 18 மில்லி விநாடி எடுத்தால் விநாடிக்கு 55 படங்கள் சீராக வரும் என்று கணக்குப் போட்டால் அது தவறு. புரொஜெக்டர் 60 முறைதான் புதுப்பிக்கும். தாமதமான படத்துக்காக அது காத்திருக்காது, பழைய படத்தையே இன்னொரு முறை காட்டும். சில படங்கள் ஒரு மாத்திரை நிற்கும், சில இரண்டு மாத்திரை நிற்கும். கண் அந்த ஒழுங்கின்மையைத்தான் திக்கல் என்று உணர்கிறது. சீராக ஓடும் 30, தடுமாறி ஓடும் 50-ஐவிடப் பார்க்க நன்றாக இருக்கும் என்பதை நான் பிறகுதான் ஒப்புக்கொண்டேன். தாளம் பிடிக்கிறவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

வீட்டுக்கு வரும் வழியிலேயே குற்றவாளியை முடிவுசெய்துவிட்டேன்: கிராபிக்ஸ் அட்டை. திரையில் படம் திக்கினால் படம் வரைகிற அட்டைதானே காரணம்? என் மடிக்கணினியில் இருந்தது ஆர்டிஎக்ஸ் 3060. ஒரே பெயர் இருந்தாலும் மேசைக் கணினியில் வரும் 3060-க்கு 170 வாட் மின்சாரமும் 12 ஜிகாபைட் நினைவகமும் உண்டு; மடிக்கணினி வடிவத்துக்கு 60 முதல் 115 வாட் வரை தயாரிப்பாளர் விருப்பம்போல் கொடுப்பார், நினைவகம் 6 ஜிகாபைட். இந்த வேறுபாட்டைப் படித்ததும் என் சந்தேகம் உறுதியாகிவிட்டது. அரைகுறையாகப் படிப்பதில் உள்ள ஆபத்து இது. படித்தது உண்மை, முடிவு பிழை.

காலமும் ஆசை காட்டியது. அந்த ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதால், அட்டைகளை வைத்து அதைத் தோண்டியெடுக்கும் தொழில் ஒரே நாளில் படுத்துவிட்டது. பழைய அட்டைகள் சந்தையில் கொட்டின. இரண்டாயிரத்துச் சொச்சம் ரிங்கிட்டுக்கு ஒரு ஆர்டிஎக்ஸ் 3080 வாங்கினேன். 8704 கணக்கிடும் கருக்கள் (கோர்), 10 ஜிகாபைட், 320 வாட். அதை ஒரு பழைய மேசைக் கணினியில் செருகினேன். அதில் இருந்த செயலி (சிபியு) ரைசன் 7 2700. எட்டுக் கருக்கள், பதினாறு இழைகள், அதாவது ஒரே நேரத்தில் பதினாறு வேலை வரிசைகள். எட்டு என்றால் எட்டு, போதும் என்று நினைத்தேன்.

அதே சலங்கை பூஜைக் கோப்பைத் திறந்து ஓட்டினேன். மடிக்கணினியைவிட மெதுவாக ஓடியது.

ஒரு முறை கணினியை அணைத்துத் திறந்தேன். டிரைவர் மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினேன். அட்டையைக் கழற்றி, பல்வரிசையைத் துடைத்து, மீண்டும் செருகினேன். நாணயம் தோண்டித் தோண்டி அட்டை செத்துவிட்டது, விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று மனைவியிடம் புலம்பினேன். விற்றவர் பாவம், நல்ல பொருளைத்தான் கொடுத்திருந்தார்.

விண்டோஸின் பணி மேலாளரில் கிராபிக்ஸ் அட்டை 20 சதவீதத்தைச் சுற்றி நின்றது. செயலி 11 சதவீதம். இரண்டுமே சும்மா இருக்கின்றன, படமோ விநாடிக்கு 24-ஐத் தாண்டவில்லை. யார்தான் வேலை செய்கிறார்கள் இங்கே?

பதில் அந்த 11-இலேயே ஒளிந்திருந்தது. பதினாறு இழைகள் உள்ள செயலியில் ஒரே ஒரு இழை முழுமூச்சாக ஓடினால், மொத்தக் கணக்கில் அது 6.25 சதவீதமாகத்தான் தெரியும். மற்ற சில்லறை வேலைகள் சேர்ந்து 11. ஒருவன் முதுகு ஒடியச் சுமக்கிறான், பதினைந்து பேர் கைகட்டி நிற்கிறார்கள், மேற்பார்வையாளர் சராசரி எடுத்து “எல்லாரும் ஓய்வாகத்தான் இருக்கிறார்கள்” என்கிறார்.

பினாங்குக்காரனுக்கு இதை விளங்கிக்கொள்ள நாசி கண்டார் கடை போதும். வரிசை வாசல் தாண்டி நிற்கிறது. முன்னால் ஒருவர் தட்டில் சோறு வைத்து, நம் முகத்தைப் பார்த்து, கோழியா கணவாயா என்று கேட்டு, நான்கு குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுகிறார். எந்தக் குழம்பு எப்போது, எவ்வளவு என்பது அவர் கைக்குத் தெரியும். அவர் செயலியின் ஒரு இழை. பின்கட்டில் வெங்காயம் உரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே வேலை, ஒரே அசைவு, எத்தனை பேரை உட்காரவைத்தாலும் வேலை பிரிந்துகொள்ளும். அதுதான் கிராபிக்ஸ் அட்டை. நான் செய்த காரியம், முன்னால் நிற்பவர் திணறிக்கொண்டிருக்க, பின்கட்டுக்கு 8704 பேரை வேலைக்கு எடுத்தது. போதாததற்கு முன்னால் இருந்த சுறுசுறுப்பான ஆளை மாற்றி, வயதான ஒருவரை நிறுத்தியது. மடிக்கணினியில் இருந்த ஐ7-11800எச் செயலியின் ஒற்றை இழை, மூன்று ஆண்டு மூத்த ரைசன் 2700-இன் ஒற்றை இழையைவிட நன்றாகவே வேகமானது. இரண்டுக்கும் எட்டுக் கருக்கள்தான். நான் எண்ணிக்கையைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை.

நான் பயன்படுத்துவது டச்டிசைனர். டொராண்டோவில் உள்ள டெரிவேட்டிவ் நிறுவனத்தின் மென்பொருள். சிறு சிறு பெட்டிகளைக் கம்பி இழுத்து இணைப்பதுபோல் இணைத்துக் காட்சியை உருவாக்க வேண்டும். பெட்டிகளில் வகைகள் உண்டு. படங்களைக் கையாளும் வகை கிராபிக்ஸ் அட்டையில் ஓடும். எண் ஓட்டங்களைக் கையாளும் வகையும், முப்பரிமாண வடிவங்களைக் கையாளும் பழைய வகையும் செயலியில், பெரும்பாலும் ஒரே இழையில் ஓடும். (பின்னிரண்டின் ஆங்கிலச் சுருக்கப் பெயர்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘சாப்’ ஆகிவிடும். அதனால் பெயர் சொல்லாமல் விடுகிறேன்.) என் மல்லிகை இதழ்கள் முப்பதாயிரமும் வடிவ வகைப் பெட்டிகளில் இருந்தன. ஒவ்வொரு இதழையும் முன்னால் நிற்பவரே கையால் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

இதைக் கண்டுபிடிக்க நான் சுற்றிய சுற்று பெரிது. வழியோ மிகச் சிறியது. காட்சியின் தெளிவளவைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். 1920-க்கு 1080 என்பதை 960-க்கு 540 ஆக்கினால், அட்டை வரையவேண்டிய புள்ளிகள் கால்வாசியாகிவிடும். படவேகம் ஏறினால் அட்டைதான் சுமக்கிறது. அசையாமல் அதே இடத்தில் நின்றால் அட்டை குற்றமற்றது. நான் செய்தபோது 24 என்பது 24-ஆகவே நின்றது. அரை நிமிட வேலை. இரண்டாயிரம் ரிங்கிட் செலவழித்த பிறகு செய்தேன்.

மென்பொருளிலேயே செயல்திறன் கண்காணிப்பான் ஒன்றும் உண்டு. ஒரு படத்தை உருவாக்க எந்தப் பெட்டி எத்தனை மில்லி விநாடி எடுத்தது என்று பட்டியலிடும். இத்தனை வருடம் அந்த மெனுவை நான் திறந்ததே இல்லை. திறந்தபோது, மொத்தம் 41-இல் 30-க்கு மேல் இதழ்களை அசைக்கும் இரண்டே பெட்டிகளில் கரைந்துகொண்டிருந்தது.

கேள்வி வந்தபின் சும்மா இருக்க முடியவில்லை. வேறொரு செயலியில் இதே அட்டை எப்படி ஓடும்? என் மச்சான் கணக்கர். அவருடைய அலுவலகத்தில் ஐ5-12400 செயலியுடன் ஒரு கணினி இருந்தது. ஆறே கருக்கள், நடுத்தர விலை, வரிக் கணக்குப் போடுவதற்காக வாங்கியது. ஒரு சனிக்கிழமை மாலை அட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். அந்தக் கணினியின் மின்வழங்கி 320 வாட் அட்டையைத் தாங்காது என்பதால் என் மின்வழங்கியையும் சுமந்துபோய், பக்கப் பலகையைக் கழற்றி, கம்பிகளை வெளியே தொங்கவிட்டு, மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் நோயாளிபோல அதைப் படுக்கவைத்து ஓட்டினேன். மச்சான் வாசலிலேயே நின்றுகொண்டு, “மாப்பிள்ளை, திங்கட்கிழமை எனக்கு இது உயிரோடு வேண்டும்” என்று மூன்று முறை சொன்னார்.

அதே கோப்பு, அதே அட்டை. 41 மில்லி விநாடி சுமார் 25-ஆக இறங்கியது. வரிக் கணக்குப் போடும் பெட்டி, என் எட்டுக் கருப் பெட்டியை ஓரங்கட்டிவிட்டது.

அப்படியானால் புதுச் செயலி வாங்கவேண்டும் என்றுதானே அடுத்து தோன்றும்? எனக்கும் தோன்றியது. ஆனால் 25-உம் 16.7-க்குள் அடங்கவில்லையே. அன்றைக்குச் சந்தையில் இருந்த மிக விலையுயர்ந்த செயலியை வாங்கினாலும் மயிரிழையில்தான் தப்பியிருப்பேன். எட்டாவது மாணவி கையை இன்னும் கொஞ்சம் வேகமாக வீசினால் மறுபடி திக்கல். வேலையைத் தவறான ஆளிடம் கொடுத்துவிட்டு, ஆள் போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் உட்கார்ந்து அந்தப் பகுதியை மாற்றி எழுதினேன். ஒவ்வொரு இதழின் இடத்தையும் ஒரு படத்தின் ஒரு புள்ளியில் எழுதிவைப்பது என்பது உத்தி. புள்ளியின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் வண்ணமாக அல்லாமல், இதழ் நிற்கும் இடத்தின் மூன்று அளவுகளாக இருக்கும். 512-க்கு 512 அளவுள்ள ஒரு சின்னப் படத்துக்குள் 2,62,144 இதழ்கள் அடங்கிவிடும். அவற்றை நகர்த்துவது அட்டைக்கு வெங்காயம் உரிக்கும் வேலை. செயலிக்கு மிச்சம், மூட்டுகளின் எண்களைப் பார்த்துச் சொல்வது மட்டும். முப்பதாயிரத்துக்குத் திணறிய அதே பழைய ரைசன், இரண்டு லட்சத்துக்கு மேல் இதழ்களை வைத்துக்கொண்டு 60-இல் நின்றது. செயலி ஒரு படத்துக்கு எடுத்த நேரம் 6 மில்லி விநாடிக்குக் கீழே.

மடிக்கணினியிலும் ஓட்டிப் பார்த்தேன். அதிலும் 60. நான் எதையும் வாங்கியிருக்கவே தேவையில்லை. இதை இன்றுவரை மனைவியிடம் சொல்லவில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். செயலிக்கும் அட்டைக்கும் இடையே பொருள் கைமாறும் இடம் குறுகலான சந்து. அட்டை வரைந்த படத்தின் சராசரி வெளிச்சத்தை அறிந்து மேடை விளக்குகளை ஏற்றி இறக்க ஆசைப்பட்டு, முழுப் படத்தையும் ஒவ்வொரு முறையும் செயலிக்கு இறக்கினேன். உடனே திக்கல் திரும்பிவிட்டது. அட்டை முடிக்கும்வரை செயலி வாசலில் காத்து நிற்கவேண்டியதாகிவிட்டதுதான் காரணம். படத்தை அட்டையிலேயே ஒற்றைப் புள்ளியாகச் சுருக்கி, அந்த ஒரு புள்ளியை மட்டும், அதையும் அடுத்த படத்தின்போது எடுத்துக்கொள் என்று மாற்றியதும் சரியானது. விளக்கு ஒரு படம் தாமதமாக மாறினால் உலகில் யாருக்கும் தெரியாது.

3080 வீணாகவும் போகவில்லை. அடுத்த ஆண்டு ஒரு பழைய கடைவீட்டுச் சுவர் முழுக்க மூன்று புரொஜெக்டர்களை வரிசையாக வைத்துக் காட்சி போடும் வேலை வந்தது. 5760-க்கு 1080. மடிக்கணினியில் தொடங்கினேன், ஆறாவது நிமிடத்தில் எல்லாம் நொண்டியது. இந்த முறை முதலில் தெளிவளவைப் பாதியாக்கிப் பார்த்தேன்: துள்ளி எழுந்தது. ஆக, அட்டைதான். ஆனால் அட்டையின் வேகம் அல்ல, நினைவகம். படங்களை ஒவ்வொரு வண்ணத்துக்கும் 32 பிட் என்ற துல்லியத்தில் வைத்திருந்தேன். அந்த அகலத்தில் ஒரே ஒரு படம் கிட்டத்தட்ட 100 மெகாபைட். என் கோப்பில் நாற்பது பெட்டிகளுக்கு மேல் இருந்தன, ஒவ்வொன்றும் ஒரு படத்தைப் பிடித்துவைத்திருந்தது. அவற்றோடு வீடியோக்களும் சேர்ந்து 6 ஜிகாபைட்டைத் தாண்டியதும், மீதி கணினியின் சாதாரண நினைவகத்துக்கு வழிந்தது. பிறகு எல்லாமே அந்தக் குறுகிய சந்து வழியாகப் போய்வரத் தொடங்கின. இதழ்களின் இடத்தைச் சொல்லும் படங்களுக்கு மட்டும் 32 பிட்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை 16 ஆக்கினேன், சிலவற்றை 8. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. இருந்தாலும் அந்த வேலைக்கு 3080-ஐத்தான் கொண்டுபோனேன். துணிச்சலுக்கும் அளவு உண்டு.

இதற்கு நேர்மாறான கதை கோலாலம்பூரில். ஒரு திருமணத்துக்கு எல்இடி சுவர். வாடிக்கையாளர் “4கே வேண்டும்” என்று சொல்லியிருந்தார், நானும் 3840-க்கு 2160 என்று எல்லாவற்றையும் தயாரித்து அட்டையை வறுத்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பொருத்துகிறவரிடம் பேச்சுவாக்கில் கேட்டபோதுதான் தெரிந்தது: அரை மீட்டர் பலகைகள், ஒரு பலகையின் ஒரு பக்கத்துக்கு 128 புள்ளிகள், பன்னிரண்டு பலகை அகலம், ஆறு பலகை உயரம். பெருக்கிப் பாருங்கள்: 1536-க்கு 768. நான் ஏழு மடங்கு புள்ளிகளை வரைந்து, சுவரை ஓட்டும் கருவி அவற்றில் ஆறு பங்கைக் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் முன்பணம் வாங்குவதற்கு முன்பே பலகைகளின் எண்ணிக்கையைக் கேட்டுவிடுகிறேன். எந்த அட்டை வேண்டும் என்ற கேள்வியே பாதி நேரம் அத்தோடு முடிந்துவிடுகிறது.

வீடியோ கோப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. எச்.264 வகைக் கோப்பு அளவில் சிறியது. ஆனால் பெரும்பாலான படங்கள் முன்பின் படங்களைச் சார்ந்திருப்பதால் பிரித்தெடுக்க உழைப்பு அதிகம், நடுவில் தாவினால் தடுமாறும். நான்கைந்தை ஒரே நேரத்தில் அடுக்கும்போது ‘ஹாப்’ என்ற வகைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. அது அட்டை நேரடியாகப் புரிந்துகொள்ளும் வடிவத்தில் இருப்பதால் செயலிக்குச் சுமை குறைவு. சுமை எங்கும் போய்விடாது, வட்டுக்கு இடம் மாறும். உயர்தர ஹாப் வகையில் 4கே, விநாடிக்கு 60 படங்கள் என்றால், கூடுதல் சுருக்கத்துக்கு முன் விநாடிக்குச் சுமார் 500 மெகாபைட். சாட்டா வகைத் திடவட்டு (எஸ்எஸ்டி) 550-இல் மூச்சை விட்டுவிடும். அதாவது ஒரு வீடியோவுக்கே சரியாகப் போய்விடும்.

இனி சூடு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பக்கம் ஒரு தண்ணீர்ப் பந்தலில் திரை வைத்திருந்தோம். மடிக்கணினியை மழைக்குப் பயந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு மேசைக்கடியில் தள்ளியிருந்தேன். பின்பக்கம் மோர்ப் பானைகள், முன்பக்கம் கூட்டம், ஜனவரி இரவானாலும் காற்றில் பிழிந்தெடுக்கலாம்போல் ஈரம். முதல் இருபது நிமிடம் அருமை. பிறகு செயலியும் அட்டையும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்தன. திரையில் வேல் விட்டுவிட்டு நகர்ந்தது. பெட்டியைத் திறந்து விசிறி வைத்துச் சமாளித்தேன்.

மறுநாள் இதை அத்தையிடம் சொன்னேன். அத்தை முப்பது ஆண்டு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சிப் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவர். இன்டெல் 1972-இல் பினாங்குக்கு வந்ததிலிருந்து எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் பெண்கள் இரவுப்பணிப் பேருந்தில் ஏறிய தலைமுறை அவருடையது. பழைய இன்டெல் செயலிகள் பலவற்றின் உலோக மூடியில், பொருத்தி முடித்த நாட்டைக் குறிக்க ‘மலாய்’ என்று பொறித்திருப்பார்கள். அதைக் காட்டினால் அத்தையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

“எத்தனை நேரம் ஓட்டிப் பார்த்தாய்?”

“வீட்டில் ஐந்து நிமிடம், அத்தை. நன்றாகத்தான் ஓடியது.”

“ஏர்கான் போட்டுக்கொண்டா?”

“ஆமாம்.”

“நாங்கள் சிப்பை அடுப்புக்குள் வைத்து, அதிக மின்சாரம் கொடுத்து, மணிக்கணக்காக வேகவைத்துப் பார்ப்போம். சாகிறது அங்கேயே சாகட்டும் என்று. நீ ஏர்கானில் ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு புழுக்கத்துக்குள் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாய்.”

அதற்குப் பிறகு எந்தக் கணினியை ஒப்பிட்டாலும் அத்தை முறைதான். ஏர்கானை அணைத்து, சன்னலைச் சாத்தி, மத்தியானம் இரண்டு மணிக்கு, முழுச் சுமையோடு ஒரு மணி நேரம். முதல் நிமிட எண்ணை எழுதுவதே இல்லை; அறுபதாவது நிமிட எண்ணைத்தான் எழுதுகிறேன். சராசரியையும் பார்ப்பதில்லை, அந்த மணி நேரத்தில் வந்த மிக மோசமான படத்துக்கு எத்தனை மில்லி விநாடி என்று பார்க்கிறேன். காகிதத்தில் முந்திய இரண்டு மெல்லிய மடிக்கணினிகள் இந்தச் சோதனையில், தடிமனான ஒரு பழைய மாடலிடம் தோற்றன.

போன ஆண்டு பழைய ரைசனுக்கு ஓய்வு கொடுக்க முடிவுசெய்து, கோலாலம்பூரில் லோ யாட் பிளாசாவுக்குப் போனேன். கடைக்காரர் வழக்கம்போல், செயலியின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் சோதனையின் மதிப்பெண்களைத் திரையில் காட்டினார். எல்லாக் கருக்களும் சேர்ந்து ஓடும் மதிப்பெண்தான் பெரிய எழுத்தில் இருந்தது. அந்த எண் படத்தைத் தயாரித்து வட்டில் சேமிப்பவர்களுக்கு உதவும். அவர்களுடைய வேலையைக் கருக்கள் பங்குபோட்டுக்கொள்ளும். எனக்கு வேண்டியது ஒற்றைக் கரு மதிப்பெண். அதைக் கேட்டதும் அவர், “சார் கேம் விளையாடுகிறவரா?” என்று மலாயில் கேட்டார். நான் பையிலிருந்து யுஎஸ்பி குச்சியை எடுத்து, என் சலங்கை பூஜைக் கோப்பை, மாற்றி எழுதுவதற்கு முந்தைய பழைய வடிவத்தை, ஓட்ட அனுமதி கேட்டேன். கூட்டமில்லாத புதன்கிழமை மதியம் என்பதால் சிரித்துக்கொண்டே விட்டார். ஒரு நுணுக்கம்: டச்டிசைனரின் இலவசப் பதிப்பு படத்தின் அளவை 1280-க்கு 1280-க்குள் கட்டிவைக்கும். ஆகவே கடையில் அதை நிறுவி ஓட்டினால் செயலியைப் பற்றிய செய்தி நம்பகமானது. அட்டையைப் பற்றியதை நம்பக்கூடாது, அதற்குச் சுமை முழுதாகப் போய்ச் சேர்ந்திருக்காது.

மூன்று கணினிகளில் ஓட்டினேன். இருப்பதிலேயே விலை உயர்ந்த, பதினாறு கருக்கள் உள்ள ஒன்றுக்கும், அதில் பாதிக்கும் கீழான விலையில் ஆறு கருக்கள் உள்ள ஒன்றுக்கும் வித்தியாசம் இரண்டு மில்லி விநாடிகூட இல்லை. கடைக்காரர் குனிந்து திரையைப் பார்த்தார், பிறகு தன் விலைப் பலகையைப் பார்த்தார். மலிவானதையே வாங்கினேன். மிஞ்சிய பணத்தில் நல்ல காற்றோட்டமுள்ள பெட்டியும் வேகமான வட்டும்.

டீச்சரின் அடுத்த சலங்கை பூஜையில் திரை திக்கவில்லை. ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு அம்மா நேராக என்னிடம் வந்தார். “எல்லாப் பிள்ளைகளுக்கும் பூ விழுந்தது. என் மகளுக்கு மட்டும் ஏன் விழவில்லை?”

அந்தக் கினெக்ட் கருவி ஒரே நேரத்தில் ஆறு பேருடைய மூட்டுகளைத்தான் பின்தொடரும். மேடையில் எட்டுப் பேர். முதல் நிகழ்ச்சியிலும் இதேதான் நடந்திருக்கிறது. திக்கலில் யாரும் கவனிக்கவில்லை. ஓரத்தில் இருக்கும் இருவரைக் கொஞ்சம் பின்னால் நிறுத்த முடியுமா என்று டீச்சரிடம் மெதுவாகக் கேட்டேன். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். மூட்டுகளை விட்டுவிட்டு, கருவி தரும் ஆழப்படத்திலிருந்து (எந்தப் புள்ளி எவ்வளவு தூரத்தில் என்று சொல்லும் படம்) நிழலுருவத்தை மட்டும் எடுத்து அதன் விளிம்பிலிருந்து இதழ்களைக் கிளப்புவது என்று இப்போது மாற்றிக்கொண்டிருக்கிறேன். நிழலுருவம் என்பது வெறும் படம், அதனால் வேலை முழுவதும் அட்டையிலேயே முடிந்துவிடுகிறது; எட்டுப் பேரானாலும் பதினெட்டுப் பேரானாலும் அதற்கு ஒன்றுதான். நேற்று மத்தியானம் சன்னலைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டினேன். மிக மோசமான படத்துக்கு 11 மில்லி விநாடி. சட்டைதான் தொப்பலாக நனைந்துவிட்டது.